பனிச்சை மரத்தில் இருப்பவன்

கோஜே
2019 செப்டம்பர் 18

சாங்து அண்ணாவுக்கு,

யோன்சில் எழுதுகிறேன். ஃபோன் செய்தால் மணி அடித்து அடித்து ஓய்கிறது. வேறு நம்பரிலிருந்து செய்தால் எடுக்கிறீர்கள், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். இதைக் கிழித்துப் போடலாம்தான். ஆனால் கிழிப்பதற்கு முன்னால் யாராக இருந்தாலும் ஒருமுறை படித்துவிடுவார்கள்.

சூசோக் அறுவடைப் பண்டிகை போய்விட்டது. மூத்த மகன் உயிரோடு இருக்கும்போது அப்பா அம்மாவுக்கு நான் படையல் போட்டேன். மது ஊற்ற ஆண்பிள்ளை வேண்டுமே என்று என் வீட்டுக்காரர் இன்க்யுவை உட்கார வைத்தேன். இவருக்குக் கை நடுங்கிப் பாதி பாயில் போயிற்று. அப்பா ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். அம்மா சொல்லியிருப்பாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நவம்பர் வந்தால் இவர் விழுந்து தலையில் அடிபட்டு மூன்று வருடம். அதற்குள் தொழிலாளர் காப்பீட்டில் மனு போடாவிட்டால் பழைய சிகிச்சைக்கு ஒன்றும் கிடைக்காது. போன வாரம் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண் நல்லவிதமாகத்தான் பேசினாள். "அம்மா, முதல் நாள் ஆஸ்பத்திரியில என்ன சொன்னீங்களோ அதைத்தான் நாங்க முதல்ல பார்ப்போம். வீட்டு மரத்துலேர்ந்து விழுந்தார்னு நீங்களே சொல்லியிருக்கீங்களே" என்றாள்.

ஆமாம், நான்தான் சொன்னேன். சொல்லச் சொன்னது யார் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் பதிவாகிவிடும் என்று லாரியில் ஏற்றினீர்கள். வழியில் இருந்த இரண்டு ஆஸ்பத்திரிகளைத் தாண்டிப் போனீர்கள். லாரியிலேயே வேலை உடுப்பைக் கழற்றி உங்கள் ஸ்வெட்டரை மாட்டினீர்கள். கணுக்கால் வீங்கி ஒரு சேஃப்டி ஷூ மட்டும் கழலவில்லை. இரும்பு முனை வைத்த ஷூவோடு பழம் பறிக்க மரம் ஏறினாராம். டாக்ஸியில் வந்துகொண்டிருந்த என்னை ஃபோனில் பிடித்து, "தங்கச்சி, மரத்துலேர்ந்து விழுந்தார்னு சொல்லு. கப்பல் பட்டறையில விழுந்தார்னு வெளிய வந்தா நாளைக்கே என் குழுவை வாசலுக்கு வெளிய நிறுத்திடுவாங்க. மாப்பிள்ளை செலவு என்னோடது, ஆயுசுக்கும்" என்றீர்கள். கப்பல் பட்டறையில் வேலை குறைந்து உங்கள் குழு கலைந்ததும் அந்த ஆயுசும் முடிந்துவிட்டது.

எனக்கு அது கூட இப்போது பெரிதில்லை. நீங்கள் வந்து, இவர் விழுந்தது கப்பலின் டேங்குக்குள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவருக்குச் சிகிச்சை தொடரும், பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கும். அடுத்த மாதம் சிப்பிக் கொட்டகையில் வேலை தொடங்குகிறது. நான் விடிவதற்கு முன்னால் போக வேண்டும். இவரை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுத்தான் போகப் போகிறேன். இதற்கு மேல் உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இன்னொன்று. பொழுது சாயும்போது தினமும் வாசல் பனிச்சை மரத்தடியில் போய் அண்ணாந்து நிற்கிறார். கூப்பிட்டால் வருவதில்லை. "மேல ஒருத்தன் இருக்கான்" என்கிறார்.

யோன்சில்


யோங்காம்
அக்டோபர் 1

தங்கச்சிக்கு,

கடிதம் எழுதிப் பழக்கமில்லை. நாலு வரிக்குள் கை வலிக்கிறது. நாளெல்லாம் வெல்டிங் பிடித்தாலும் இப்படி வலித்ததில்லை.

படையல் விஷயம் நீ சொன்னது சரி. இங்கே பட்டறை ஆட்கள் தங்கும் கொட்டகையில் ஒரு கோப்பை மது ஊற்றித் தெற்கு பார்த்துக் கும்பிட்டேன். கோஜே தெற்கில்லை, கிழக்கு என்று பிறகுதான் ஞாபகம் வந்தது. சிரிக்காதே.

ஆனால் நீ கேட்பது நடக்காது. ஏதோ வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொல்வதுபோல் எழுதியிருக்கிறாய். நான் வந்து சொன்னால் விபத்தை மறைத்தவன் என்று முதலில் என்னைத்தான் பிடிப்பார்கள். ஒரு பட்டறையில் பெயர் கெட்டால் எல்லாப் பட்டறையிலும் கெட்டதுதான். 'சாங்துவின் குழுவா, வேண்டாம்' என்றுவிடுவார்கள். என்னை நம்பி இங்கே புதுக் குழுவில் பன்னிரண்டு பேர் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் வீட்டில் ஒரு யோன்சில் இருக்கிறாள்.

நீயும் சின்னக் குழந்தை இல்லை. உன் வாயால்தான் சொன்னாய். நான் உன் வாயில் துணியை வைத்து அடைக்கவில்லை. அன்றைக்கு முடியாது என்று நீ சொல்லியிருந்தால் இன்றைக்கு இருவருக்கும் இந்தக் கஷ்டம் இல்லை. படித்ததும் உனக்குக் கோபம் வரும், தெரியும். எழுதியது எழுதியதுதான், அடித்துத் திருத்தப் போவதில்லை.

முடிந்தபோது ஏதாவது அனுப்புகிறேன். அந்த மரத்தை வெட்டிவிடு. அது முதலிலிருந்தே ராசியில்லாத மரம்.

மேலே ஒருத்தன் இருக்கிறான் என்கிறாரே, யாராம்? பெரிய ஆளா, சின்னப் பையனா? சும்மா கேட்கிறேன்.

சாங்து


கோஜே
அக்டோபர் 10

அண்ணா,

கோபம் வந்தது. உங்கள் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். அந்தக் கடைசி வரிக்காக வைத்திருக்கிறேன். நீங்கள் எதையும் சும்மா கேட்கிற ஆள் இல்லை.

சின்னப் பையன். எட்டு ஒன்பது வயது இருக்குமாம். ஒரு காலில் கறுப்பு ரப்பர் செருப்பு, இன்னொரு கால் வெறுங்காலாம். முதலில் யாரோ என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது சில நாட்களில் அது தானேதான் என்கிறார். கேட்டால் கோவையாகச் சொல்கிறார். காலையில் என்ன சாப்பிட்டார் என்று தெரியாத மனிதர் இதை மட்டும் ஒரு வார்த்தை பிசகாமல் சொல்கிறார். வால்காக்கைகளுக்காக உச்சியில் விட்டு வைத்த பழத்தைத் திருடப் போனாராம். கிளை சொல்லாமல் கொள்ளாமல் முறிந்ததாம். செருப்பு கவையில் மாட்டிக்கொண்டு இவர் மட்டும் கீழே வந்தாராம். அம்மா துணி அடிக்கும் கட்டையோடு ஈரக் கையாக ஓடி வந்து, இவரைத் தூக்காமல் முதலில் மரத்தை அடித்தாளாம். "ஏண்டா என் புள்ளையைத் தள்ளின, ஏண்டா தள்ளின" என்று அடித்தாளாம். அழுதுகொண்டிருந்தவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாராம். சொல்லும்போது இப்போதும் சிரிக்கிறார்.

இவருக்கு ஏது அம்மா? பூசான் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். அங்கே சிமெண்ட் தரையைத் தவிர ஒன்றும் கிடையாது என்று கல்யாணத்துக்கு முன்னால் சொல்லியிருக்கிறார். கல்யாணமாகி நம் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த மரத்தில் ஒருநாள் ஏறியதில்லை. பனிச்சைக் கிளை எப்போது முறியும் என்று சொல்ல முடியாது என்று வலைக் கொம்பால்தான் பறிப்பார்.

மறுநாள் அடிமரத்தைத் தடவிப் பார்த்தேன். என் இடுப்பு உயரத்தில் பட்டை உள்ளே போய் வரிசையாகப் பழைய வடு இருக்கிறது. இத்தனை வருடம் இந்த வாசலில் துணி காயப் போடுகிறேன், நான் பார்த்ததே இல்லை.

அண்ணா, இதை யாரிடமும் சொல்லவில்லை. சில சமயம் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது எனக்கே தோன்றுகிறது. இவர் நிஜமாகவே மரத்திலிருந்துதான் விழுந்தாரோ, டேங்க் என்பது நானாகக் கட்டிக்கொண்ட கதையோ என்று. அக்கம்பக்கத்தில் எல்லாரும் மரம் என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் மரம் என்று இருக்கிறது. இவரும் மரம் என்கிறார். மரத்தில் வடு வேறு இருக்கிறது. நான் ஒருத்திதான் இல்லை என்கிறேன். அந்தப் பொய்யைச் சொன்னவளே நான்தான். பயமாக இருக்கிறது. வீட்டுக்குள் எதையோ கூட்டி வந்துவிட்டேன், அது இப்போது என்னைக் கேட்காமல் நடமாடுகிறது.

ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த அந்த ஒற்றை சேஃப்டி ஷூவைக் கிம்ச்சி ஊறுகாய்ப் பானைகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். ரொம்பக் குழம்பினால் போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன்.

யோன்சில்


யோங்காம்
அக்டோபர் 21

யோன்சில்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன்.

அது நம் அம்மா.

உனக்கு அப்போது மூன்று வயது, ஞாபகம் இருக்காது. எனக்கு ஒன்பது. உச்சிப் பழம் வால்காக்கைக்கு என்று அப்பா சொன்னால் கேட்கிற பிள்ளையா நான். கிளை முறிந்தது, செருப்பு கவையில் நின்றுவிட்டது, அம்மா கட்டையோடு வந்து மரத்தை அடித்தாள். எல்லாம் நடந்தது. அந்த வடு அவள் போட்டது. செருப்பு குளிர்காலம் முழுக்க மேலேயே இருந்தது. இலை கொட்டிய பிறகு வாசலில் யார் நின்றாலும் அதுதான் கண்ணில் படும்.

மாப்பிள்ளைக்கு இது எப்படித் தெரியும் என்று உனக்கு நான்தான் சொல்ல வேண்டும். நீ குளிக்க, துணி மாற்ற வீட்டுக்குப் போன நேரமெல்லாம் கட்டில் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். கண் விழித்தால் யாராவது வந்து கேட்பார்கள், அவர் டேங்க் என்று சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு என்று பயம். அதனால் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். "மாப்பிள்ளை, மரத்துலேர்ந்து விழுந்தீங்க. எங்கேர்ந்து விழுந்தீங்க, சொல்லுங்க." பேச்சு வந்ததும் சின்னக் குழந்தை கதை கேட்பதுபோல் கேட்க ஆரம்பித்தார். "எந்தக் கிளை? அப்புறம் என்ன ஆச்சு? யார் வந்தா?" என்னத்தைச் சொல்வேன்? மரத்திலிருந்து விழுந்த கதை எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதைக் கொடுத்துவிட்டேன். கொடுத்ததையே மறந்தும் போனேன்.

உனக்கு இன்னொன்று சொல்கிறேன், என்னைப் பைத்தியம் என்று நினைத்தாலும் சரி. உன் கடிதம் வந்த பிறகு அதை நினைத்துப் பார்க்கிறேன். அம்மா தெரிகிறாள், கட்டை தெரிகிறது. கீழே கிடப்பது நான் இல்லை. மாப்பிள்ளை கிடக்கிறார், வேலை உடுப்போடு. அம்மா அவருக்காகத்தான் மரத்தை அடிக்கிறாள்.

நீ குழம்ப வேண்டாம். அவர் டேங்குக்குள்தான் விழுந்தார். சாரத்தின் மூன்றாவது அடுக்கிலிருந்து. சாரம் கட்டியவர்கள் அன்று காலையே பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பலகையின் கட்டுக்கம்பியை அறுத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரே ஒரு கோடு வெல்டிங்தான் பாக்கி. "தொத்திக்கிட்டு முடிச்சிட்டு வந்துடுங்க மாப்பிள்ளை" என்றேன். அவர், "முடிச்சா மீன் குழம்பு வாங்கித் தரணும்" என்று ஏறினார். சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது பட்டறை வாசல் பலகையைப் பார்த்தேன். விபத்தில்லா நாட்கள் என்று எழுதியிருக்கும் அந்த எண், ஒன்று கூடியிருந்தது.

வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. அவசரப்படாதே. இந்தப் பன்னிரண்டு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டுதான் காலையில் கஞ்சி குடிக்கிறேன்.

மரத்தை வெட்டாதே.

சாங்து


கோஜே
நவம்பர் 2

அண்ணா,

காப்பீட்டு அலுவலகத்துப் பெண் நேற்று வீட்டுக்கு வந்தாள். மனு போட்டுவிட்டேன், நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும்.

இவரை வாசலில் உட்கார வைத்து இருவருக்கும் பார்லித் தேநீர் கொடுத்தேன். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"எங்கே விழுந்தீங்க ஐயா?"

"அதோ, அங்கே."

"யாராவது பார்த்தாங்களா?"

"அம்மா பார்த்தாங்க. மரத்தை அடிச்சாங்க."

"உங்க அம்மா பேரு என்ன?"

இவர் நம் அம்மா பெயரைச் சொன்னார். பாங் சோன்யே என்று, தயங்காமல், பெருமையாக.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இவருக்குத் தாய் தகப்பன் யாரென்றே தெரியாது என்பது அவள் கையிலிருந்த பதிவில் இருக்கிறது. பையை மூடிக்கொண்டு வாசல்வரை போனவள் நின்று சொன்னாள்: "அம்மா, இது இவரோட ஞாபகம் இல்லை. எனக்குப் புரியுது. ஆனா எனக்குப் புரிஞ்சா மட்டும் போதாது. இது யாரோடதுன்னு வந்து சொல்ல ஒருத்தர் வேணும்."

உங்கள் கடிதம் அரிசிப் பானைக்குள்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் முடிந்தது. எழுந்துகூடப் போனேன். மூடியில் கை வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். நல்ல குணம் என்று நினைக்காதீர்கள். போன தடவை உங்கள் வார்த்தையை நான் சொன்னேன். இந்தத் தடவை உங்கள் வார்த்தையை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சிப்பி வேலை தொடங்கிவிட்டது. காலையில் பூட்டும்போது இவர் உள்ளேயிருந்து, "பையன் மேல இருக்கான், பூட்டாதே" என்று கதவைத் தட்டுகிறார். தெருமுனைவரை கேட்கிறது.

யோன்சில்


யோங்காம்
நவம்பர் 8

யோன்சில்,

நேற்று ஆட்களை உட்கார வைத்துப் பன்றி இறைச்சி சுட்டு, சோஜு ஊற்றி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் போய்ச் சொன்னால் இந்தக் குழு இருக்காது, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். திட்டுவார்கள் என்றுதான் நினைத்தேன். இரண்டு பேர் திட்டவும் செய்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

குழுவில் ஒருவர் இருக்கிறார், பெயிண்ட் அடிக்கிறவர், எங்களில் மூத்தவர். அதிகம் பேச மாட்டார். இறைச்சியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டார்: "தலைவரே, ஒரு சந்தேகம். நாளைக்கு நான் விழுந்தா என்னை எந்த மரத்துலேர்ந்து விழுந்ததா சொல்லுவீங்க? எங்க வீட்ல மரம் இல்ல. மாடியில குடியிருக்கோம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

புதன்கிழமை வருகிறேன். நேராக அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவேன். பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிட வேண்டும். சாப்பாடு கீப்பாடு என்று இழுத்துப் பிடிக்காதே. அந்த நேரத்தில் மரத்தடியில் மட்டும் என்னை நிற்கச் சொல்லாதே. நான் அண்ணாந்து பார்க்க மாட்டேன்.

சாங்து


கோஜே
டிசம்பர் 22

அண்ணா,

முந்தாநாள் தபால் வந்தது. வேலையிடத்து விபத்து என்று ஏற்றுக்கொண்டார்கள். இவருக்கு மறுபடி பயிற்சிச் சிகிச்சை, வீட்டுக்குப் பார்த்துக்கொள்ள ஆள். திங்கள்கிழமையிலிருந்து கதவைப் பூட்ட வேண்டாம். படித்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம்தான். உங்களுக்கு அபராதம் விழுந்ததையும் குழு கலைந்ததையும் அண்ணி சொன்னாள். அதற்கும் சேர்த்துத்தான் அழுதேன்.

அன்று நீங்கள் வந்ததைப் பற்றி நாம் பேசிக்கொள்ளவே இல்லை. ஷூவைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றீர்கள். மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள். இவர் உங்களை யார் என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு திடீரென்று குனிந்து உங்கள் கணுக்காலைப் பிடித்து, "எந்தக் கால்?" என்று கேட்டார். நீங்கள் அந்த ஒன்பது வயதுப் பையனாகவே, இடது கால் என்றீர்கள். இவர் அதைத் தேய்த்துவிட ஆரம்பித்தார். அண்ணா, அம்மா செத்தபோது கூட நீங்கள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நான் சமையலறையை விட்டு வரவில்லை. வந்திருக்கலாமோ என்று இப்போது நினைக்கிறேன். உங்கள் மேல் இருந்த கோபம் அன்றைக்கும் முழுதாகப் போகவில்லை, அதனால்தான் வரவில்லை. இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது.

நீங்கள் கிளம்பிய பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. இத்தனை நாள் எழுதலாமா வேண்டாமா என்றே இருந்தேன்.

பொழுது சாய்ந்ததும் வழக்கம்போல மரத்தடிக்குப் போனார். அண்ணாந்து பார்த்தார். கொஞ்ச நேரம்தான். பிறகு தானாகத் திரும்பினார். மூன்று வருடத்தில் நான் கூப்பிடாமல் வந்தது அன்றுதான்.

"என்ன, பையன் இல்லையா?" என்றேன்.

"இறங்கிட்டான். இப்பத்தான் போறான்."

"நல்லதாப் போச்சு. வாங்க, சாப்பிடலாம்."

"ஒத்தைச் செருப்போட போறான். கல்லு குத்துமே."

நான் சோறு எடுத்து வைக்கப் போனேன். திரும்பி வந்தபோது இவர் பானைகளுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். அந்த சேஃப்டி ஷூவை எடுத்துச் சட்டையில் துடைத்து, மரத்தின் அடியில், அம்மா அடித்த வடுவுக்கு நேர் கீழே, வாசலைப் பார்த்து வைத்தார். அது அங்கே இருக்கிறது என்று இவரிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

"சின்னப் பையனுக்கு இது எப்படிங்க சேரும்?" என்று கேட்டேன்.

"இப்போ பெரிசுதான்" என்றார், எனக்கு விவரம் போதாது என்பதுபோல. "வளர்ந்தா சரியா இருக்கும். அவன் டேங்க்ல வேலைக்குப் போவான்ல."

டேங்க் என்ற வார்த்தையை விழுந்த நாளிலிருந்து இவர் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து சாப்பிட்டார். அதற்கப்புறம் மரத்தடிக்குப் போவதில்லை. சாயங்காலம் ஆனால் இப்போது நான்தான் ஜன்னலில் நிற்கிறேன்.

உச்சியில் மூன்று பழம் விட்டிருக்கிறேன், வால்காக்கைகள் வருகின்றன. ஷூ வைத்த இடத்திலேயே இருக்கிறது. அதற்குள் மழைத் தண்ணீர் நிறைந்துவிட்டது. இரண்டு தடவை எடுத்து உள்ளே வைக்கப் போனேன், கை வரவில்லை. புத்தாண்டுப் படையலுக்கு நீங்கள் வாருங்கள். மது ஊற்ற வேண்டும். அந்த ஷூவையும் நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

யோன்சில்